செயற்கைச் சிறுநீரகத்தின் வரலாறு

தமிழ் பயிலும் மாணவர் உடல்நூற் பொருளொன்றை எடுத்துக்கொண்டு எழுதப் புகுவது என்னை என வினவுவார் உளராகலாம். பிணியும் சாவும் எம்மொழியினர்க்கும் பொதுவாதலின், அவற்றை எதிர்த்து மக்கள் செய்த முயற்சிகளின் வரலாறும் எல்லா மொழிகட்கும் உரியதே. அன்றியும், டயாலிஸிஸ் என்னுஞ் சொல் இன்று நம் நாட்டுச் சிற்றூர்களிலும் வழங்குகின்றது. வாரத்தில் இருமுறையோ மும்முறையோ வைத்தியசாலைக்குச் சென்று, சோர்ந்த முகத்தோடு மாலையில் மீள்வாரை நாம் கண்டிருக்கின்றோம். அச்சொல்லின் பின்னே நிற்கும் மனிதர் யாவர், அவர் பட்ட பாடு யாது என்பதை அறிந்தோர் சிலரே. அவருள் தலையாயவராகிய வில்லெம் கோல்ஃப் என்னும் டச்சு மருத்துவரைப் பற்றியே இக்கட்டுரை பெரிதும் பேசும்.

முதற்கண் உறுப்பின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். குண்டிக்காய் என்று முன்னோர் வழங்கியதனையே இக்காலத்தார் சிறுநீரகம் என்பர். பழைய பெயர் உறுப்பின் வடிவையும் இடத்தையும் நோக்கி எழுந்தது. புதிய பெயர் அதன் தொழிலை நோக்கி எழுந்தது. ஆயினும், புதிய பெயரும் அத்தொழிலின் ஒரு கூற்றையே உணர்த்துகின்றதென்பது இறுதியில் விளங்கும். முதுகெலும்பின் இருமருங்கும் கீழ்விலாவை ஒட்டி, அவரை விதையின் வடிவில், மூடிய கையளவினதாய் அமைந்துள்ள இவ்விரண்டு உறுப்புகளின் வழியே நிமிடந்தோறும் ஏறக்குறைய 1 லிட்டர் இரத்தம் பாய்கின்றது. ஒவ்வொன்றினுள்ளும் நெப்ரான் என்னும் நுண்ணிய வடிப்பான்கள் சுமார் பத்து லட்சம் உள. இவை நாளொன்றுக்கு 180 லிட்டர் அளவு நீரை இரத்தத்தினின்றும் வடித்தெடுக்கின்றன. அவ்வளவும் வெளியேறிவிடின் உடல் ஒரு பொழுதும் தரியாது. ஆதலின், அந்நீரில் பெரும்பகுதியும், அதிற் கரைந்துள்ள சர்க்கரையும் உப்புகளும் மீண்டும் இரத்தத்திற் சேர்க்கப்பட, 1½ லிட்டரளவே சிறுநீராய்க் கழிகின்றது. வீட்டிலுள்ள பண்டம் அனைத்தையும் முற்றத்தில் எடுத்துவைத்து, வேண்டுவனவற்றை மட்டும் மீண்டும் உள்ளே அடுக்கி, எஞ்சிய குப்பையைத் தெருவில் கொட்டும் இல்லாளைப் போன்றது இவ்வுறுப்பின் செயல். குப்பையைத் தேடி எடுப்பதினும் இம்முறை வருத்தமுடையதாயினும், முன்பின் அறியாத நஞ்சொன்று உட்புகுந்தவிடத்தும் அது தானே கழிந்துவிடுமன்றோ?

இவ்வுறுப்பு தொழில் ஒழியுமாயின், புரத உணவின் கழிவாகிய யூரியா முதலியன இரத்தத்தில் தேங்குகின்றன. நீர் வெளியேறாது கால் வீங்கும், மூச்சுத் திணறும், குமட்டலும் மயக்கமும் தொடரும். பொட்டாசியம் என்னும் உப்பு அளவிறந்து மிகுந்து இதயத்தை நிறுத்திவிடுதலும் உண்டு. இக்கேடு இருவகைத்து. ஒன்று, பெருங்காயம், நச்சுக்காய்ச்சல் முதலியவற்றால் திடீரென நேர்ந்து, சில வாரம் உயிரைத் தாங்கிப் பிடித்தால் தானே நீங்கிவிடுவது. மற்றொன்று, பல்லாண்டு மெல்ல மெல்ல அரித்து மீளாவகை அழிப்பது. இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்ளுதல் நலம். மேல்வரும் வரலாறு முழுதும் இதன்மேல் நிற்கின்றது.

இனி, டயாலிஸிஸ் என்பது யாது? பிரித்து அவிழ்த்தல் என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல் அது. அதனை இரசாயன நூலுட் புகுத்தியவர் கிளாஸ்கோவிற் பிறந்த தாமஸ் கிரகாம் என்னும் அறிஞர். உப்புப் போன்ற நுண்பொருள்கள் சில சவ்வுகளின் வழியே கடந்து செல்லும் என்றும், பசை போன்ற பருப்பொருள்கள் செல்லா என்றும் 1861-ல் அவர் விளக்கினார். எளியதோர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். உப்பிட்ட கஞ்சியை ஒரு செல்லோபேன் பையில் இறுகக் கட்டி, நீர் நிறைந்த பாத்திரத்தில் மூழ்க வைப்போமாயின், சில நாழிகையில் வெளிநீர் உப்புக் கரிக்கும். கஞ்சியின் மாவோ பையினுள்ளேயே நிற்கும். இரத்தத்தில் யூரியா உப்பினைப் போன்றது. இரத்த அணுக்களும் புரதங்களும் மாவினைப் போன்றன. அற்றேல், வெளியே வெறுநீரை வைத்தால் உடலுக்கு வேண்டிய உப்புகளும் ஓடிவிடாவோ எனின், ஓடிவிடும். அதுபற்றியே வெளிநீரில் அவ்வுப்புகளை இரத்தத்தில் உள்ள அளவாகவே கரைத்து வைப்பர். எப்பொருள் இருபுறத்தும் ஒத்த அளவில் உளதோ அது குறைவதில்லை. எது வெளியே இல்லையோ அதுவே குறைகின்றது. இந்நுட்பம் ஒன்றை உணர்ந்தார்க்கு ஏனைய எல்லாம் தச்சுவேலையும் கொல்லுவேலையுமே எனலாம். ஆனால் அவ்வேலைக்கு ஏறக்குறைய நூறாண்டு சென்றது.

1913-ல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஜான் ஏபெல் என்பாரும் அவர்தம் துணைவரும் கொலோடியன் குழாய்களின் வழியே நாய்களின் இரத்தத்தைச் செலுத்தித் தூய்மை செய்து காட்டினர். உடலை விட்டு நீங்கிய இரத்தம் உறைந்துவிடுமாகலின், உறையாது தடுக்க அட்டைப்பூச்சியின் தலையினின்றும் எடுத்த சாறொன்றை அவர்கள் பயன்படுத்த வேண்டியிருந்தது. 1924-ல் ஜெர்மனியில் கீசென் நகரத்து கியோர்க் ஹாஸ் முதன்முதலாக மனிதரிடத்து இதனைச் செய்தார். அது 15 நிமிட அளவே நடந்தது. பிற மருத்துவர் ஊக்கம் அளியாமையின் சில ஆண்டுகளில் அவர் அம்முயற்சியைக் கைவிட்டார். பின்வந்த கோல்ஃப்புக்கு இரண்டு பொருள்கள் எளிதிற் கிடைத்தன. ஒன்று, இரத்தம் உறையாது காக்கும் ஹெபாரின். மற்றொன்று, இறைச்சிக் கடைகளில் உறையாக வழங்கிய செல்லோபேன் குழாய். நற்காலம் என்பது இதுதான் போலும்.

வில்லெம் யோஹான் கோல்ஃப் 1911-ல் ஹாலந்து நாட்டு லைடன் நகரிற் பிறந்தார். தந்தையார் காசநோய் மருத்துவ விடுதியொன்றின் தலைவர். பிணியாளர் இறக்கக் காண்டல் தமக்கு இயலாதெனக் கருதிய சிறுவர், மிருகக்காட்சிசாலை ஒன்றன் தலைவராக விரும்பினர். நாட்டில் உள்ளனவோ மூன்றே. அவற்றில் ஒன்றன் தலைமை கிடைப்பது அரிதென்று தந்தையார் எடுத்துக்காட்ட, மருத்துவம் பயின்றார். 1938-ல் குரோனிங்கென் பல்கலைக்கழக வைத்தியசாலையில் இளமருத்துவராக அமர்ந்தபொழுது, எந்தக் காட்சியை அஞ்சினாரோ அதுவே அவர்முன் வந்து நின்றது. இருபத்திரண்டு வயதுடைய உழவர் மகன் ஒருவன் சிறுநீரகம் அழிந்து, பார்வை மங்கி, நாடோறும் வாந்தியெடுத்து மெல்ல மெல்ல மாய்ந்துகொண்டிருந்தான். அவன் தாய்க்கு, மகன் பிழையான் என்று சொல்லும் கடமை இவர்மேல் வீழ்ந்தது. அவ்வேளையில் அவர் போட்ட கணக்கு மிக எளியது: நாளொன்றுக்கு 20 கிராம் யூரியாவை இரத்தத்தினின்றும் நீக்க இயலுமாயின் இப்பிள்ளை வாழ்வான். இரண்டு மேசைக்கரண்டிக்குள் அடங்கும் வெண்பொடி அது! இவ்வளவினைக் கழிக்க வழியின்றி ஓர் இளைஞன் சாவதோ என்னும் கேள்வி அவரை விட்டு அகன்றதில்லை.

அப்பல்கலைக்கழகத்து உயிர் இரசாயனப் பேராசிரியர் பிரிங்க்மன் செல்லோபேனின் இயல்பை அவருக்கு எடுத்துரைத்தார். கோல்ஃப் சிறிதளவு இரத்தத்தில் யூரியாவைக் கலந்து, செல்லோபேன் குழாயிற் பெய்து, உப்புநீரில் ஆட்டிப் பார்த்தார். சிறுபொழுதில் யூரியா பெரும்பாலும் வெளியே வந்துவிட்டது. இனி வேண்டுவது பரப்பு. சவ்வின் பரப்பு மிகுந்தால் சில மணிநேரத்தில் ஓர் உடலின் இரத்தம் முழுவதையும் தூய்மை செய்யலாம் என்பது தெளிவாயிற்று.

இந்நிலையில் 1940 மே மாதத்தில் ஜெர்மானியர் ஹாலந்தைக் கைப்பற்றினர். கோல்ஃப்புக்கு ஆசிரியராய் இருந்து ஊக்கிய யூதப் பேராசிரியர் போலாக் டேனியல்ஸும் அவர் மனைவியாரும் படையெடுப்பின் பின் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். அவ்விடத்தில் நாஜிக் கட்சியினர் ஒருவர் அமர்த்தப்படவே, அவர்கீழ் இருத்தற்கு ஒவ்வாது கோல்ஃப் 1941-ல் காம்பென் என்னும் சிற்றூர் வைத்தியசாலைக்குச் சென்றுவிட்டார். பெரிய ஆராய்ச்சிகள் பெரிய நகரத்தில்தான் நடத்தல் வேண்டும் என்று எண்ணுவார் இவ்விடத்தைச் சிறிது ஊன்றி நோக்குவாராக. பல்கலைக்கழகம் இல்லை, ஆராய்ச்சிக்கூடம் இல்லை, பகைவர் ஆட்சி, எல்லாப் பண்டங்களுக்கும் பஞ்சம். ஆனால் அவ்வூரில் எனாமல் பாத்திரம் செய்யும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அதன் தலைவர் ஹென்ட்ரிக் பெர்க் என்பார் கோல்ஃப்பின் கருத்தைக் கேட்டுத் தம் பொறிவன்மையை அவருக்கு உதவினார்.

அவ்விருவரும் அமைத்த பொறி இது: மரச்சட்டங்களால் ஆகிய பெரியதோர் உருளை. அதன்மேல் 20 மீட்டருக்குக் குறையாத செல்லோபேன் குழாய், இராட்டினத்தில் நூல் சுற்றினாற்போல வரிவரியாகச் சுற்றப்பட்டிருக்கும். உருளையின் அடிப்பகுதி, ஏறக்குறைய 100 லிட்டர் உப்புநீர் நிறைந்த எனாமல் தொட்டியில் அமிழ்ந்து நிற்கும். உருளை சுழலுங்கால் இரத்தம் தன் எடையினால் ஒவ்வொரு சுற்றின் அடியிலும் தங்கி, சுற்றுச் சுற்றாக ஒரு முனையினின்று மறுமுனைக்குத் தானே நகரும். எக்கித் தள்ளும் விசை உருளையினுள் வேண்டுவதில்லை. மெல்லிய ஏடுபோற் பரவிய இரத்தம் நீரில் மீண்டும் மீண்டும் தோய்ந்து தோய்ந்து தூய்மையுறும். இதில் ஓர் இடர் இருந்தது. பிணியாளர் கையினின்று வரும் குழாய் சுழலாது, உருளையோ சுழலும். இரண்டும் பொருந்துமிடத்தில் இரத்தம் ஒழுகாதிருக்க வழி யாது? ஃபோர்டு மோட்டார் வண்டியின் நீரெக்கியில் இத்தகைய இணைப்பு உளதென்பதைக் கண்டு, அதனையே பின்பற்றினார். மருத்துவ நூலில் இல்லாத விடை வண்டிக் கொட்டகையிற் கிடைத்தது.

1943 மார்ச்சு மாதத்தில் முதற் பிணியாளர் வந்தார். இருபத்தொன்பது வயதுடைய பெண். மீளா வகைச் சிறுநீரக நோய். பன்னிரண்டு முறை அவர் இரத்தம் தூய்மை செய்யப்பட்டது. ஒவ்வொரு முறையும் யூரியா குறைந்தது, தெளிவும் பிறந்தது. ஆயினும் ஒவ்வொரு முறையும் புதியதோர் இரத்தக்குழாயை அறுத்து எடுக்க வேண்டியிருந்தமையின், இனி எடுத்தற்குக் குழாய் இல்லை என்னும் நிலை எய்தியது. அவர் இறந்தார். தொடர்ந்து வந்தோரும் ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். முதற் பதினைவருள் பிழைத்தவர் ஒருவரே. அவரும் பொறியின் உதவியின்றியே பிழைத்திருக்கக் கூடும் என்று கோல்ஃப் தாமே கருதினார்.

ஈண்டு ஒரு வினா எழுதல் இயல்பே. பதினால்வர் மாண்ட பின்னரும் ஒருவர் இதனை விடாது செய்தல் முறையாமோ? சாவாரைக் கொண்டு சோதனை செய்தார் என்று அவரை இகழ்தற்கும் இடமுண்டன்றோ? எளியேம் இதனைப் பலகாலும் எண்ணினேம். வேறெவ்வகையானும் பிழைக்கும் நம்பிக்கையுடைய எவரையும் அவர் பொறியில் இட்டதில்லை என்பது முதலாவது கருதற்பாலது. அதனினும் சிறந்தது, தம் தோல்விகளை அவர் மறையாமை. 1944-ல் பெர்க்கோடு சேர்ந்து வெளியிட்ட கட்டுரையிலும், 1946-ல் குரோனிங்கென் பல்கலைக்கழகத்திற்கு அளித்த ஆராய்ச்சி நூலிலும், இறந்தாரைப் பற்றிய செய்திகளையும் முறையே எழுதி வைத்துள்ளார். இறப்பு நேர்ந்தவிடத்தும் யூரியா குறைந்தது என்பதனை அளந்து கண்டிருந்தமையால், தாம் கொண்ட கொள்கை பிழைபட்டதன்று என்பதை அவர் அறிந்திருந்தார். பிழைபட்டது பிணியாளரின் வகை. மீளா நோயுடையார்க்குச் சில நாள் நீட்டித்தலேயன்றி அன்றைய பொறியால் ஆவதொன்றில்லை. தானே நீங்கும் திடீர்க் கேடு உற்றார்க்கே அது உயிர்ப்பிச்சை அளிக்க வல்லது. அத்தகையார் ஒருவர் வருமளவும் காத்திருத்தலே அவர் செய்யவேண்டியிருந்தது.

வந்தவர் யார் என்பதில்தான் வியப்பு உளது. 1945 மே மாதத்தில் ஹாலந்திலிருந்த ஜெர்மானியப் படை அடிபணிந்தது. நாஜிகளுக்குத் துணைநின்ற டச்சு மக்கள் சிறைப்பட்டனர். அவருள் ஒருத்தி, அறுபத்தேழு வயதுடைய மூதாட்டி, நச்சுக்காய்ச்சலால் சிறுநீர் அற்று, உணர்விழந்த நிலையில் 1945 செப்டம்பரில் கோல்ஃப்பிடம் கொண்டுவரப்பட்டாள். ஊரார்க்கு அவள்மேல் இரக்கம் இல்லை. அவளைக் காப்பாற்றாதிருத்தலே தகும் என்று வெளிப்படையாகவே உரைத்தாரும் உண்டு. கோல்ஃப்போ நாஜிகளின் தொழிற்கட்டாயத்தினின்றும் ஆடவர் பலரை நோயாளர் என்னும் பெயரால் வைத்தியசாலையில் ஒளித்துக் காத்தவர், ஆசிரியரைப் பறிகொடுத்தவர். அவருக்கும் அம்மூதாட்டியின் கட்சியார்மேல் காரணமில்லாத வெறுப்பன்று இருந்திருக்கக் கூடியது. ஆயினும், மருத்துவர்க்குப் பிணியாளரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை என்பதே அவர் கொள்கை. செப்டம்பர் 11-ந் தேதி, பதினொன்றரை மணிநேரம் உருளை சுழன்றது. மூதாட்டி கண் விழித்தாள். தன் கணவனை விலக்கிவிடப் போவதாக அவள் முதன்முதல் உரைத்தாள் என்றும், பின்னர் அவ்வாறே செய்தாள் என்றும் கோல்ஃப் பிற்காலத்தில் நகையோடு கூறுவதுண்டு. சின்னாளில் சிறுநீரகங்கள் தாமே தொழிலைத் தொடங்கின. அவள் மேலும் சில ஆண்டு வாழ்ந்து, வேறொரு நோயால் இறந்தாள். செயற்கைச் சிறுநீரகத்தால் உயிர் பிழைத்தார் என்று ஐயமின்றிச் சொல்லத்தக்க முதல் மனிதர் அவளே.

போரின்போதே கோல்ஃப் மேலும் சில பொறிகளைச் செய்வித்திருந்தார். அமைதி திரும்பியதும் அவற்றை விலையின்றி லண்டன், நியூயார்க்கு, மான்ட்ரியால் முதலிய நகரத்து வைத்தியசாலைகளுக்கு அனுப்பிவிட்டார். பாஸ்டன் நகரத்து பிரிகாம் வைத்தியசாலையார் அவர்தந்த வரைபடங்களைக் கொண்டு அப்பொறியைத் திருத்தி அமைத்தனர். அவ்வைத்தியசாலையிலேயே 1954-ல் இரட்டையருள் ஒருவர் சிறுநீரகத்தை மற்றவர்க்கு வைத்து, மாற்றுச் சிகிச்சை முதன்முறை வெற்றி பெற்றது. நம் நாட்டில் அத்தகைய வெற்றி முதலில் வாய்த்தது வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், 1971-ல். கோல்ஃப் 1950-ல் அமெரிக்கா சென்று கிளீவ்லாந்திலும், 1967 முதல் யூட்டாவிலும் பணிபுரிந்தார். செயற்கை இதயம் அமைத்த வரலாறும் அவருடையதே; அது தனிக்கட்டுரைக்கு உரியது.

மீளா நோயுடையார் நிலை என்னாயிற்று? முதற் பெண்மணியின் சாவுக்குக் காரணமான இடர், அஃதாவது ஒவ்வொரு முறையும் ஓர் இரத்தக்குழாய் பாழாதல், பதினேழாண்டு தீராதே நின்றது. 1960-ல் சியாட்டில் நகரத்து பெல்டிங் ஸ்கிரிப்னர் என்னும் மருத்துவர் அதனைத் தீர்த்தார். வீட்டிற்குத் திருப்பி அனுப்பப்பட்டுச் சாக நேர்ந்த ஒருவரை எண்ணி உறக்கம் கலைந்த இரவில் அக்கருத்து அவர்க்குத் தோன்றியதென்பர். தமனியில் ஒரு குழலும் சிரையில் ஒரு குழலும் நிலையாகப் பொருத்தி, சிகிச்சையில்லாத வேளையில் அவ்விரண்டையும் தோலின் வெளியே வளைந்த சிறு குழலொன்றால் இணைத்துவிட்டால், இரத்தம் ஓடிக்கொண்டேயிருக்கும், உறைதற்கு இடமில்லை. டெஃப்லான் என்னும் புதுப்பொருளில் எதுவும் ஒட்டாதாகலின் இஃது இயன்றது. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் இக்குழல் பொருத்தப்பெற்ற முதல்வர், விமானத் தொழிற்சாலைப் பணியாளர் ஒருவர், பதினோராண்டு வாழ்ந்தார். 1966-ல் நியூயார்க்கைச் சார்ந்த பிரேஷியா, சிமினோ முதலியோர் மணிக்கட்டில் தமனியையும் சிரையையும் தோலின் அடியிலேயே இணைக்கும் முறையைக் கண்டனர். இன்றும் பெரிதும் கையாளப்படுவது அதுவே. பிணியாளர் முன்கையில் புடைத்துத் துடிக்கும் நரம்புபோற் காணப்படுவது அவ்விணைப்பாகும்.

ஆனால், ஸ்கிரிப்னரின் வெற்றி கொடியதோர் இக்கட்டைக் கொணர்ந்தது. வாழ்வதற்கு வழி உண்டு, பொறிகளோ மிகச் சில, செலவோ பெரிது. 1962-ல் சியாட்டிலில் திறக்கப்பட்ட நிலையத்தில் யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்று முடிவுசெய்ய எழுவர் அடங்கிய குழுவொன்று அமர்ந்தது. அதில் வழக்கறிஞர் ஒருவர், குருவானவர் ஒருவர், இல்லறப் பெண்மணி ஒருவர், வங்கியாளர் ஒருவர், அரசாங்க அலுவலர் ஒருவர், தொழிலாளர் தலைவர் ஒருவர், அறுவை மருத்துவர் ஒருவர் இருந்தனர். வயது, மக்கட்பேறு, வருவாய், கல்வி, ஊரில் உள்ள நற்பெயர் எல்லாம் அவர்கள் கருத்தில் வந்தன. அவ்வாண்டு நவம்பரில் லைஃப் பத்திரிகை இதனை வெளியிட்டபோது நாடெங்கும் கொதிப்பு எழுந்தது. அவ்வெழுவர் தீயவரல்லர், தாமே அப்பணியை நாடினாருமல்லர். ஆயினும், காம்பெனில் ஊரார் வெறுத்த கைதியின் பக்கத்தில் உருளையைச் சுழற்றிய மருத்துவர் இக்குழுவின் முன் நின்றிருப்பின், அம்மூதாட்டிக்கு ஓர் இடம் பெற்றிருப்பாரோ என்னும் ஐயம் எம்மை விட்டு நீங்கவில்லை. 1972-ல் அமெரிக்க அரசாங்கம் இந்நோயாளரின் செலவைப் பொதுப்பணத்தினின்று ஏற்கும் சட்டத்தை இயற்றிற்று. அத்தகைய குழுக்களுக்கு அங்கே தேவை ஒழிந்தது. இந்தியாவில் 2016-ல் மாவட்ட வைத்தியசாலைகளில் வறியோர்க்கு இலவசமாக இதனை அளிக்கும் தேசியத் திட்டம் அறிவிக்கப்பட்டது.

இன்றைய பொறியில் உருளையும் இல்லை, தொட்டியும் இல்லை. முழங்கையளவினும் சிறியதோர் உறையுள் மிக நுண்ணிய துளைக்குழல்கள் பல்லாயிரம் அடங்கியுள்ளன. அவற்றினுள்ளே இரத்தமும் வெளியே தூயநீரும் எதிரெதிராக ஓடுகின்றன. நான்கு மணிநேரச் சிகிச்சை ஒன்றுக்கு 100 லிட்டருக்கு மேல் நீர் செலவாகின்றது. வாரம் மும்முறை செய்துகொள்வார்க்கும் பொறி உழைப்பது 12 மணிநேரமே. உயிருள்ள உறுப்போ வாரத்தின் 168 மணியும் உழைப்பது. ஆதலின் இடைநாட்களில் பிணியாளர் குடிநீரையும் அளந்தே குடித்தல் வேண்டும். கோடையில் அது எத்தகைய நோன்பு என்பதை அவரே அறிவர்.

சிறுநீரகம் என்னும் பெயர் அதன் தொழிலின் ஒரு கூற்றையே உணர்த்தும் என்று மேலே கூறினேம். இரத்தச் செவ்வணுக்களைத் தோற்றுவிக்குமாறு எலும்பு மச்சைக்கு ஆணையிடும் எரித்ரோபாயட்டின் என்னும் சுரப்பும் இவ்வுறுப்பினின்றே வருகின்றது. செல்லோபேனால் அழுக்கை நீக்க இயலும். ஆணை பிறப்பிக்க இயலாது. ஆகவே, பொறியால் உயிர்வாழ்ந்தோர் நெடுங்காலம் வெளிறிய முகத்தினராய்ப் பிறர் இரத்தத்தை அடிக்கடி ஏற்று வாழ்ந்தனர். 1977-ல் கோல்ட்வாசர் என்பார் அச்சுரப்பைத் தூய வடிவிற் பிரித்தெடுத்தார். 1980-களின் நடுவில் அதனைப் பிணியாளர்க்கு அளித்துச் சோதித்தோருள் முன்னின்றவர் ஜோசப் எஷ்பாக் என்னும் மருத்துவர். அவரும் சியாட்டில் நகரத்தவரே. 1989-ல் அம்மருந்து அமெரிக்காவில் வழக்கிற்கு வந்தது. 2002-ல் கோல்ஃப்புக்கும் ஸ்கிரிப்னருக்கும் லாஸ்கர் பரிசு ஒருங்கே வழங்கப்பட்டது. அப்போது கோல்ஃப்புக்கு வயது 91. மறுவருடம் ஸ்கிரிப்னரும், 2009 பிப்ரவரியில், தம் 98-ஆம் ஆண்டு நிறைவுக்கு மூன்று நாள் முன்னர் கோல்ஃப்பும் காலமாயினர்.